ஏன் செய்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகருக்கு வெளியே இருந்த ஒரு மலிவு விலைக் கடையில் மேசை ஒன்றைப் போட்டு, அதன்மேல் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்தார்கள். கடைக்கு வந்தவர்களிடம், இவற்றில் எது தரமானது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். 52 பேர் பார்த்துச் சொன்னார்கள். இடது ஓரத்து ஜோடியை எடுத்தவர்கள் 12 விழுக்காடு, அடுத்ததை எடுத்தவர்கள் 17, அதற்கடுத்தது 31, வலது ஓரத்து ஜோடிக்கு 40. படிப்படியாக ஏறும் இந்த எண்களுக்குத் தரம் காரணமாக இருக்க வழியில்லை. நான்கு ஜோடிகளும் அச்சு அசலாக ஒன்றே. இருந்த இடம்தான் தேர்வைச் சாய்த்திருக்கிறது. ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டபோது, அவர்கள் தடுமாறவில்லை. காலுறையின் தரத்திலேயே காரணம் கண்டார்கள். வைத்திருந்த இடத்தைப் பற்றி ஒருவர்கூடத் தாமாகச் சொல்லவில்லை. இடம் உங்கள் முடிவைப் பாதித்திருக்குமோ என்று நேராகவே கேட்டால், அநேகமாக எல்லோரும் மறுத்தார்கள். இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோலக் கேட்டவரை ஒரு பார்வை பார்த்தார்கள்.

இந்தச் சோதனையைத் தங்கள் வாதத்தின் ஒரு சிறு பகுதியாக ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் 1977-இல் ஓர் உளவியல் ஆய்விதழில் எழுதினார்கள். அவர்களுடைய வாதம் காலுறையைவிடப் பெரியது. ஒரு செயலைச் செய்துவிட்டு, அதை ஏன் செய்தோம் என்று சொல்லும்போது, நாம் மனத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதாக நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. இப்படிப்பட்ட சூழலில் மனிதர்கள் எதற்காக இப்படிச் செய்வார்கள் என்று நம் ஊரும் அனுபவமும் கற்றுத் தந்த பொது அறிவை வைத்து ஊகிக்கிறோம். ஊகித்ததைப் பார்த்ததாக நம்புகிறோம். இதில் பொய் கிடையாது, சொல்பவர் மனதாரச் சொல்கிறார். ஃபிராய்டு சொன்ன கதையும் இதுவல்ல. வெட்கக்கேடான ஆசை ஒன்று உள்ளே பதுங்கியிருக்கிறது, மனம் அதை மூடி மறைக்கிறது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. காலுறை எடுப்பதில் மறைக்க என்ன இருக்கிறது? முடிவு உருவாகும் வேலை நடக்கும் அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை என்பதுதான் செய்தி.

உளவியல் ஓர் அறிவியலாகத் தொடங்கியதே இந்த ஜன்னல் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். 1879-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்தபோது, பயிற்சி பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே கவனித்துச் சொல்லும் அகநோக்கும் அங்கே ஒரு முறையாக இருந்தது. வுண்ட் இதில் மிக எச்சரிக்கையானவர். எளிய புலன் அனுபவங்களுக்கு மேல் அதை நீட்டக் கூடாது என்றவர். பின்னால் வந்தவர்கள் நீட்டினார்கள். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ஆஸ்வால்ட் கியூல்பேயின் குழு, மனப்படமே இல்லாத எண்ணங்கள் உண்டு என்றது. அமெரிக்காவில் கார்னெலில் இருந்த எட்வர்ட் டிட்ச்னர், அப்படி எதுவும் இல்லை, நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றார். இருவரில் யார் சரி என்று மூன்றாவது ஆள் போய்ப் பார்க்க முடியாதே. 1913-இல் ஜான் வாட்சன் அகநோக்கு முறையையே தூக்கி எறியச் சொன்னதற்கு இந்தத் தீராச் சண்டையும் ஒரு காரணம். ஆய்வுக்கூடத்தில் அகநோக்கு செல்வாக்கிழந்தாலும், வெளியுலகில் அதன் செல்வாக்கு குறையவே இல்லை. இந்தப் பொருளை ஏன் வாங்கினீர்கள், இந்தக் கட்சிக்கு ஏன் வாக்களித்தீர்கள், வேலையை ஏன் விட்டீர்கள் என்று இன்றைக்கும் படிவம் படிவமாகக் கேட்கிறோம்; வந்த பதில்களைக் கூட்டி வகுத்து விழுக்காடு போடுகிறோம்.

நிஸ்பெட்டும் வில்சனும் எடுத்துக்காட்டிய பழைய சோதனைகளில் ஒன்று நார்மன் மேயருடையது, 1931-இல் வெளியானது. ஓர் அறையின் கூரையிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்குகின்றன. இரண்டின் நுனிகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது கைக்கு எட்டாது. அறையில் பலவகைச் சாமான்கள் கிடக்கின்றன. நாற்காலியில் கட்டி வைப்பது, கழியால் இழுப்பது என்று சில வழிகளைப் பலரும் கண்டுபிடித்தார்கள். ஒரு வழி மட்டும் எளிதில் தோன்றவில்லை: ஒரு கயிற்றின் நுனியில் குறடு போன்ற கனமான பொருளைக் கட்டி ஊசலாக ஆட்டிவிட்டு, மற்றக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, ஆடி வருவதைப் பற்றுவது. ஆட்கள் திணறி நிற்கும்போது மேயர் அறையைக் கடந்து போவார். போகிற போக்கில் உடம்பு பட்டதுபோல ஒரு கயிறு லேசாக ஆடும். ஒரு நிமிடத்துக்குள் பலருக்கு விடை தோன்றிவிடும். எப்படித் தோன்றியது என்று கேட்டால், சட்டென்று உதித்தது என்பார்கள். ஆற்றைக் கடக்க மரக்கிளைகளில் ஊசலாடும் குரங்குகள் மனக்கண்ணில் வந்ததாகவும், அதிலிருந்து விடை பிறந்ததாகவும் ஓர் உளவியல் பேராசிரியரே சொன்னார். துருவித் துருவிக் கேட்டபின்னும், கயிறு ஆடியதைக் குறிப்பிட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்கூட இல்லை. சிலருக்கு மேயர் முன்கூட்டியே வேறொரு குறிப்பும் காட்டியிருந்தார்: கயிற்றில் ஒரு பளுவைக் கட்டிச் சுழற்றுவது. தனியாகக் காட்டினால் அது யாருக்கும் உதவவில்லை. ஆனால் இரண்டையும் பார்த்தவர்கள், உதவாத அந்தக் குறிப்பே தங்களுக்கு வழிகாட்டியது என்றார்கள். கண்ணில் பட்டதில் எது காரணம்போல் தெரிந்ததோ அதைக் காரணமாக்கிவிட்டார்கள்.

இவையெல்லாம் மனிதர் தவறுவார் என்பதற்குமேல் எதையும் நிறுவவில்லை என்று ஒருவர் சொல்லலாம், சரிதான். தெளிவில்லாத ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் தவறு வரும். ஜன்னலே இல்லை என்று சொல்ல வேறு வகைச் சான்று வேண்டும். என் பார்வையில் இந்த விவாதத்தின் மிக வலுவான சான்று, பலரும் மறந்துவிட்ட ஒரு சோதனையில் இருக்கிறது. நிஸ்பெட்டும் நான்சி பெல்லோஸும் 1977-இல் வெளியிட்டது அது. வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணின் கோப்பை மாணவிகளிடம் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த கோப்பில் அவள் அழகி. சிலருக்கு அப்படி இல்லை. சிலருக்குக் கொடுத்ததில் அவள் நேர்காணலின்போது மேசையில் காபியைக் கொட்டிவிடுகிறாள். படிப்பில் கெட்டி, விபத்தில் சிக்கியவள், பிற்பாடு நேரில் சந்திக்கப்போகிறோம் என்று இன்னும் சில விவரங்களும் இப்படியே மாறி மாறி வந்தன. அவளைப் பிடித்திருக்கிறதா, அவள் அறிவாளியா, பிறர் துயரம் புரிந்தவளா என்று மதிப்பிடச் சொல்லிவிட்டு, எந்த விவரம் உங்கள் மதிப்பீட்டை எவ்வளவு மாற்றியது என்றும் கேட்டார்கள். குழுக்களை ஒப்பிட்டால் உண்மையான பாதிப்பு எவ்வளவு என்று ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும். அறிவாளியா என்ற கேள்வியைத் தவிர மற்றவற்றில், அவர்கள் சொன்ன பாதிப்புக்கும் உண்மையான பாதிப்புக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. இதன் பிறகு ஆய்வாளர்கள் செய்ததுதான் முக்கியம். கோப்பையே பார்க்காத வேறு சிலரிடம், இப்படி ஒரு விவரம் தெரிந்தால் ஒருவரைப் பற்றிய உங்கள் மதிப்பீடு எப்படி மாறும் என்று பொதுவாகக் கேட்டார்கள். வெளியாட்களின் ஊகமும், உள்ளிருந்து சொன்னவர்களின் விளக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. சொந்த மனத்தைப் பார்த்துச் சொல்பவருக்கு, அதைப் பார்க்காதவரைவிட ஓரளவாவது கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அறிவாளியா என்ற கேள்வியில் இரு தரப்பும் சரியாகச் சொன்னதும் இதையே காட்டுகிறது: நல்ல மதிப்பெண் வாங்கியவரை அறிவாளி என்போம் என்பது ஊரறிந்த விதி. ஊகம் பலிக்கும் இடத்தில் இருவருக்கும் பலிக்கிறது. பிசகும் இடத்தில் இருவருக்கும் ஒரே மாதிரி பிசகுகிறது.

ஊகிக்கும் அந்த வேலையை மூளை எப்படிச் செய்கிறது என்பதை ஏறக்குறைய நேரில் காட்டியவர்கள் மைக்கேல் கஸ்ஸனிகாவும் ஜோசப் லெடூவும். கடுமையான வலிப்பு நோய்க்குக் கடைசி வழியாக, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டும் அறுவை சிகிச்சை அன்று உண்டு. அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் முன்னோடியான ராஜர் ஸ்பெர்ரிக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படி அறுவை செய்துகொண்ட ஓர் இளைஞனுக்குப் படங்களைக் காட்டினார்கள். பேசும் திறன் கொண்ட இடது மூளைக்கு மட்டும் தெரியும்படி கோழிக்கால். வலது மூளைக்கு மட்டும் தெரியும்படி பனி மூடிய காட்சி. பிறகு, எதிரே இருந்த அட்டைகளில் பொருத்தமானதைக் கையால் காட்டச் சொன்னார்கள். வலது கை கோழியைக் காட்டியது. இடது கை, பனி அள்ளும் மண்வாரியைக் காட்டியது. ஏன் என்று கேட்டார்கள். பேச வேண்டியது இடது மூளை. அதற்குப் பனியைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியவில்லை என்று சொல்வதே அதற்கு நியாயமான பதில். அதுவோ, கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூண்டைக் கூட்டி அள்ள மண்வாரி என்று கணநேரத்தில் காரணம் கட்டிவிட்டது. இடது மூளையின் இந்த வேலையைக் கஸ்ஸனிகா, உரைகாரர் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். செயல் வேறெங்கோ பிறக்கிறது. உரைகாரர் அதற்குப் பொழிப்புரை எழுதுகிறார். எழுதும்போது அவருக்குத் துளி சந்தேகமும் வருவதில்லை.

அறுவை செய்த மூளையை வைத்து எல்லோருடைய மனத்தையும் எடைபோடலாமா என்பது நியாயமான ஆட்சேபம். இப்படிப்பட்ட நோயாளிகள் மிகச் சிலரே. அவர்கள் ஒவ்வொருவரின் மூளையும் ஒவ்வொரு விதம். இதற்கான பதில் 2005-இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 120 பேருக்கு இரண்டிரண்டு பெண்களின் புகைப்படங்களைக் காட்டி, யார் அழகு என்று கேட்டார்கள். பிறகு, தேர்ந்தெடுத்த படத்தைக் கையில் கொடுத்து ஏன் என்று கேட்டார்கள். சில சமயம், சீட்டு வித்தைக்காரரின் கைச்சாலத்தால், பங்கேற்றவர் வேண்டாம் என்ற படம் அவர் கைக்கு வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் 15 ஜோடிகள். அவற்றில் மூன்றில் இந்தப் புரட்டு. அந்த இடத்திலேயே கண்டுபிடித்தது சுமார் 13 விழுக்காடு. பின்னால் சந்தேகம் தெரிவித்ததையும் சேர்த்தால்கூட 26-ஐத் தாண்டவில்லை. மற்ற நேரங்களில், தாம் தேர்ந்தெடுக்காத முகத்தைப் பார்த்தபடியே, இவளை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று விளக்கினார்கள். தேர்ந்தெடுத்தவள் அணியாத காதணியை, வேண்டாம் என்றவள் அணிந்திருந்ததால், அதுவே பிடித்தது என்றார் ஒருவர். உண்மைத் தேர்வுக்குச் சொன்ன விளக்கங்களையும் புரட்டிய தேர்வுக்குச் சொன்னவற்றையும் ஆய்வாளர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். உணர்ச்சியிலும் நுணுக்கத்திலும் உறுதியிலும் வேறுபாடு காண முடியவில்லை. காதணி விளக்கம் புனைவு என்பது நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் படம் மாற்றப்பட்டதை நாம் அறிவோம். மாற்றாத படத்துக்கும் அதே தொனியில் அதே வகை விளக்கம் வருகிறதென்றால், அது மட்டும் வேறு ஊற்றிலிருந்து வந்தது என்று நம்ப என்ன ஆதாரம்?

ஆய்வாளரைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று தெரிந்தும் பேசாமல் இருந்திருப்பார்களோ? அதையும் சோதித்தார்கள். இப்படிப் படத்தை மாற்றினால் கண்டுபிடித்துவிடுவீர்களா என்று, எதையுமே கண்டுபிடிக்காதவர்களிடம் கேட்டபோது, 84 விழுக்காட்டினர் நிச்சயமாக என்ற தோரணையில் ஆம் என்றார்கள். தெரிந்து மறைப்பவர்களின் பதில் அப்படி இருக்காது.

கனமான ஆட்சேபங்கள் வேறு. முதலாவதை 1978-இலேயே எலியட் ஸ்மித்தும் ஃபிரெடெரிக் மில்லரும் எழுப்பினார்கள். காலுறையின் இடம் முக்கியம் என்பது 52 பேரின் தேர்வைத் தொகுத்தால் தெரியும் புள்ளிவிவரம். தன் ஒரே ஒரு தேர்வை மட்டும் அறிந்த ஒருவருக்கு அது எப்படித் தெரியும்? தெரியவில்லை என்று அவரைக் குறை சொல்வது என்ன நியாயம்? மேலும், வலது ஓரத்தில் கடைசியாகப் பார்த்த ஜோடி உண்மையிலேயே அந்தக் கணத்தில் மெல்லியதாக, அழகாகத் தோன்றியிருக்கலாம். அப்படியானால் துணி நன்றாக இருந்தது என்ற அவருடைய பதில் ஓரளவு உண்மைதானே? இந்த ஆட்சேபத்தின் பாதியை நான் ஏற்கிறேன். எப்படித் தோன்றியது என்பதில் அவரே சாட்சி. ஏன் அப்படித் தோன்றியது என்பதில் அவர் சாட்சி இல்லை. தன் காரணங்களை அறிய அவருக்கும் ஆய்வாளரைப் போலப் பல தேர்வுகளைத் தொகுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்பதே இந்த வாதத்தின் பொருள் என்றால், அது நிஸ்பெட்டின் முடிவை மறுக்கவில்லை, விளக்குகிறது. அறிய முடியாததை அறியாதிருப்பது குற்றமில்லை. அறிந்ததுபோல அவ்வளவு உறுதி எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் பயனுள்ளது. ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980-இல், மனிதரின் வாய்மொழியை முற்றாகத் தள்ளிவிடக் கூடாது என்று வாதிட்டார்கள். ஒரு கணக்கைப் போடும்போதே மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லச் சொன்னால், அந்தப் பேச்சு நம்பத்தக்கது. பல சிக்கல் தீர்க்கும் ஆய்வுகள் அதன்மேல்தான் நிற்கின்றன. முடிந்தபின், ஏன் என்று காரணம் கேட்கும்போதுதான் பிசகு வருகிறது. 2013-இல் பிரான்ஸின் கிளேர் பெட்டிமான்ஜான் குழுவினர் லுண்ட் சோதனையையே எடுத்து, ஒரு மாற்றம் செய்தார்கள். விளக்கம் கேட்பதற்குமுன், தேர்ந்தெடுத்த கணத்துக்கு அந்த நபரைப் பொறுமையாக அழைத்துப் போனார்கள்: முதலில் கண் எங்கே போனது, அப்புறம் என்ன பார்த்தீர்கள், என்ன நடந்தது? ஏன் என்ற கேள்வியைத் தவிர்த்தார்கள். படம் மாறியதை வழக்கமான முறையில் கண்டுபிடித்தவர்கள் 33 விழுக்காடு. இந்த முறையில் 80. அகநோக்குக்கு இது நல்ல செய்திதான். ஆனால் எதற்கு நல்ல செய்தி என்று கவனிக்க வேண்டும். எதைப் பார்த்தேன், என்ன எண்ணம் வந்தது என்ற நிகழ்ச்சிகளை, கேட்கும் விதத்தில் கேட்டால் நன்றாகவே நினைவுகூர முடியும். அந்த எண்ணங்களில் எது முடிவைத் தள்ளியது என்பதை இந்தச் சோதனை தொடவே இல்லை. மேயரின் ஆட்கள் கயிறு ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். அது தங்களைத் தள்ளியது என்பதைத்தான் பார்க்கவில்லை.

உளவியல் சோதனைகளையே நம்பலாமா என்பது இந்தப் பத்து, பதினைந்து ஆண்டுகளில் எழுந்த சந்தேகம். 2015-இல் வெளியான ஒரு கூட்டு முயற்சி, 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 36 விழுக்காட்டில் மட்டுமே புள்ளியியல் பொருளுள்ள முடிவு திரும்பக் கிடைத்தது. இந்தக் கண்டிப்போடு பார்த்தால் காலுறைச் சோதனை சிறியது, அதன்மேல் யாரும் கோட்டை கட்டக் கூடாது. மேயரின் சோதனைக்கும் வயதாகிவிட்டது. லுண்ட் குழுவின் கண்டுபிடிப்பு வேறு வகை. ஒரே வித்தையாக அது நின்றுவிடவில்லை. அதே குழுவினர் 2010-இல் கடையில் ஜாமையும் தேநீரையும் சுவைக்கக் கொடுத்து, இரு முனையிலும் மூடியுள்ள, நடுவே தடுத்த போத்தல்களால் புரட்டினார்கள். புரட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்டுபிடிக்கப்படவில்லை. 2012-இல் ஒழுக்கக் கேள்விகளில் விடையைத் தலைகீழாக்கினார்கள். 69 விழுக்காட்டினர் ஒன்றையாவது தங்கள் விடை என்றே ஏற்று, அதற்காக வாதாடவும் செய்தார்கள்.

காரணம் சொல்வது வெறும் அலங்காரமாக இருந்தால் இதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. அது தேர்வையே கெடுக்கவும் கூடும். வில்சனும் ஜொனாதன் ஸ்கூலரும் 1991-இல் மாணவர்களுக்கு ஐந்து வகை ஸ்ட்ராபெரி ஜாம் கொடுத்தார்கள். அவை, தேர்ந்த சுவைஞர்கள் தரவரிசைப்படுத்திய பட்டியலில் 1, 11, 24, 32, 44-ஆம் இடங்களைப் பிடித்தவை. சும்மா சுவைத்துச் சொன்னவர்களின் மதிப்பீடு, சுவைஞர்களின் மதிப்பீட்டோடு கணிசமாக ஒத்துப்போனது. ஒட்டுறவுக் கெழு 0.55. ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டு மதிப்பிட்டவர்களுக்கு அது 0.11 ஆகிவிட்டது. சுவையில் சொல்லால் பிடிக்க முடிந்த சில அம்சங்கள் முன்னே வந்து, சொல்லுக்கு அடங்காதவற்றைத் தள்ளிவிட்டன. எல்லா முடிவுக்கும் இது பொருந்தாது. வீட்டுக்கடன் எடுக்குமுன் காரணங்களை எழுதிப் பார்ப்பதில் கேடு ஒன்றுமில்லை.

நம்மை நாமே தவறாக விளக்கும் கருவி நமக்கு எதற்கு? ஹியூகோ மெர்சியேயும் டான் ஸ்பெர்பரும் 2011 முதல் சொல்லிவரும் கருத்து எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது: காரணம் சொல்லும் திறன் தன்னை அறிவதற்காக வளர்ந்ததல்ல, பிறரோடு வாழ்வதற்காக வளர்ந்தது. செய்ததற்குக் கணக்குக் கேட்கும் கூட்டத்தில், நம்பும்படியான கணக்கு ஒன்றை உடனே கொடுக்கத் தெரிந்தவர் பிழைத்தார். இதற்குப் பரிணாமச் சான்று நேரடியாகக் கிடையாது. ஆனால் உரைகாரரின் அவசரமும் அசையாத உறுதியும் இந்தக் கோணத்தில் பொருள்படுகின்றன.

இப்படிச் சொன்னால், காரணங்கள் எல்லாம் நுரை, செயலோடு அவற்றுக்கு உறவே இல்லை என்று முடிவு கட்டத் தோன்றும். அது சரியில்லை என்பதை லுண்ட் குழுவின் பிற்கால வேலையே காட்டுகிறது. தாமஸ் ஸ்ட்ராண்ட்பெர்க் முதலானோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 140 பேரிடம் அரசியல் கேள்விகளுக்கு விடை வாங்கி, சிலவற்றை ரகசியமாக எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். புரட்டுகளில் பாதிதான் திருத்தப்பட்டன. ஒரு குழுவிடம் விடைகளைச் சரிபார்க்க மட்டும் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் அவற்றுக்குக் காரணமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளைக் கேட்டபோது, இரு குழுக்களின் நிலைப்பாடும் பொய்விடையின் பக்கம் நகர்ந்திருந்தது. காரணம் சொன்னவர்களிடம் அந்த நகர்வு மிக அதிகம். 232 பேரிடம் திரும்பச் செய்தபோதும் அதுவே கிடைத்தது. முதல் நாள் அவர்கள் சொன்ன காரணம், நடந்தே இராத ஒரு தேர்வுக்கானது. எட்டாம் நாள் அவர்கள் எடுத்த நிலைப்பாட்டுக்கோ அதுவே ஒரு காரணமாகியிருந்தது.